கை காலுக்குப் பிசியோ, மனசுக்கு?

பக்கவாதம் வந்த வீட்டில் எல்லோர் கண்ணும் கை காலின் மேல்தான். விரல் அசைந்ததா, சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. பெரியவர் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பேரன் வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்பதை மட்டும், "வயசாச்சு, இப்படி ஆனா யாருக்குத்தான் மனசு நல்லாயிருக்கும்" என்று விட்டுவிடுகிறோம்.

அப்படி விடக்கூடாது. பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது என்கின்றன பல நாட்டு ஆய்வுகள். முடங்கிப்போன துக்கம் ஒரு காரணம். ரத்தம் போகாமல் பழுதான மூளைப் பகுதி, மனநிலையோடு தொடர்புள்ள நரம்புப் பாதைகளையும் கெடுப்பது இன்னொன்று. ஆகவே "தைரியமா இருங்க" என்பதால் மட்டும் இது தீராது. சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் குறையும். கொடுக்காவிட்டால் அவர் பிசியோவுக்கு எழுந்திருக்க மாட்டார், மாத்திரையைத் தள்ளிவிடுவார். கை கால் தேற வேண்டிய முதல் சில மாதங்கள் வீணாகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சோர்ந்தே கிடந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலர் டிவியில் ஏதோ பார்த்ததும் தேம்பி அழுவார்கள். ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். கேட்டால் வருத்தம் ஒன்றுமில்லை என்பார்கள். அது மூளையின் கட்டுப்பாடு தளர்வதால் வரும் வேறு கோளாறு. அதற்கும் மருந்து உண்டு.

பேச்சு போனவர்கள் பாடுதான் மிகக் கஷ்டம். "மனசு எப்படி இருக்கு" என்ற கேள்விக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. அதனாலேயே நோய் பதிவாகாமல் போகிறது. இவர்களுக்காக, கூட இருப்பவரிடம் கேட்டு அறியும் கேள்வித்தாள்கள் உள்ளன: அழுகிறாரா, கண்ணைப் பார்க்க மறுக்கிறாரா, தூக்கம் கெட்டதா? ஆக, நீங்கள் கவனித்ததே அங்கே சோதனை முடிவு. தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள். மைசூரு மானசகங்கோத்ரியில் 1960களிலிருந்து இயங்கும் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில் பேச்சுப் பயிற்சி கிடைக்கிறது. மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கடைத்தெருவில் கன்னடம், அடுப்படியில் தமிழ். பல மொழி பேசியவருக்குப் பக்கவாதத்துக்குப் பின் எல்லா மொழியும் ஒரே அளவில் திரும்ப வேண்டும் என்பதில்லை. நோயாளி வீட்டில் பேசியது தமிழ் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கன்னடத்தில் மட்டும் கேட்டுவிட்டு "புரியவில்லை" என்று எழுதிவிடக்கூடாது.

முதியோரின் மனச்சோர்வு மைசூருக்குப் புதிதல்ல. மிஷன் ஆஸ்பத்திரி என்று ஊரே சொல்லும் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையில் 1934 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையைக் குறித்துவைத்தார்கள். அந்தக் குழந்தைகளை முதுமையில் தேடிக் கண்டுபிடித்து, மறதியையும் மனச்சோர்வையும் ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் அதை 'வயசு' என்று தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்து விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகள் சில வாரங்கள் கழித்தே வேலை செய்யும், தானாக நிறுத்தக்கூடாது. ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவற்றோடு சேரும்போது ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கிக் குழப்பம் வரலாம். எனவே எல்லா மாத்திரை அட்டைகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கை கால் சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கையில் ஃப்ளூயாக்சடின் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வில் (2018) அந்தப் பலன் கிடைக்கவில்லை. மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. தேவையானவருக்குத்தான் மருந்து.

இனி உரிமை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. மைசூரு கே.ஆர். மருத்துவமனையில் கேளுங்கள். நஞ்சன்கூடு, ஹுன்சூர் பக்கம் இருப்பவர்கள் தாலுகா மருத்துவமனைக்கு மனநல மருத்துவர் எந்த நாளில் வருகிறார் என்று விசாரிக்கலாம். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்குக் கொடுக்கும் அடிப்படையிலேயே மன நோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. "இது மனநோய்" என்று மட்டும் சொல்லி நிறுவனம் கோரிக்கையைத் தள்ளினால், முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் பெங்களூருவில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், கட்டணம் கிடையாது. மறுப்புக் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளே கைவிட்டால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து மாத ஜீவனாம்சம் கேட்கலாம். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567.

"நான் உங்களுக்குப் பாரம்", "போய்ச் சேர்ந்துட்டா நல்லது" என்று பெரியவர் சொன்னால் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மாத்திரைகளை உங்கள் கைவசம் வைத்துக்கொண்டு, அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டி, தூக்கமில்லாமல் கிடக்கும் மருமகளும் தனக்காகவே அந்த எண்ணை அழைக்கலாம்.