விளிம்பில் ஒளிந்த நெருப்பு

உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பழைய அமெரிக்க ரிவால்வர். எண்கோணக் குழல். விசையைச் சுற்றிக் காப்பு வளையம் இல்லை. தயாரித்தவர் பெயர் தேய்ந்து மறைந்துவிட்டது. பழக்கப்பட்ட சேகரிப்பாளர் இதைக் கையில் வாங்கியதும் பெயரைத் தேடுவதில்லை. தோட்டாக்கள் அமரும் உருளையைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கிறார். அறைகள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே அகலத்தில் திறந்திருக்கின்றனவா, அல்லது பின்பக்கம் அடைபட்டிருக்கிறதா? இந்த ஒரே கேள்விக்குள் பதினான்கு ஆண்டுக் காப்புரிமைச் சண்டை ஒன்று அடங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் தோட்டாவைப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ரிவால்வரை நிரப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து இடித்து, பின்பக்கத்தில் தீப்பொறி தரும் சிறு செப்புத் தொப்பியை மாட்ட வேண்டும். மழை பெய்தால் நம்பிக்கை போய்விடும். 1845 வாக்கில் பாரிஸைச் சேர்ந்த லூயி நிக்கோலா ஃப்ளோபேர் அந்தத் தொப்பியின் வாயிலேயே ஒரு சிறு குண்டைச் செருகினார். வீட்டுக்குள் குறி பார்த்து விளையாட அது போதுமானதாக இருந்தது. அமெரிக்காவின் ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் அதை நீட்டி, உள்ளே கருமருந்தும் சேர்த்தார்கள். குண்டு, மருந்து, நெருப்பு மூன்றும் ஒரே செப்புக் கூட்டுக்குள் வந்துவிட்டன.

நெருப்பு இருந்த இடம்தான் விந்தை. கூட்டின் அடிப்பகுதி சற்றே அகன்று ஒரு விளிம்பாக நிற்கும். புடவை ஓரத்தை மடித்துத் தைத்ததுபோல அந்த விளிம்பும் உள்ளே வெற்றிடமுள்ள மடிப்பு. தட்டினால் வெடிக்கும் மருந்தை ஈரமாக ஒரு துளி கூட்டுக்குள் இட்டு, கூட்டை வேகமாகச் சுழற்றுவார்கள். சுழற்சி அந்த மருந்தை வெளிப்புறமாக வீசி மடிப்புக்குள் வளையமாகப் பரப்பிவிடும். சுத்தியின் மூக்கு விளிம்பில் எந்த இடத்தில் விழுந்தாலும், மென்மையான செம்பு உருளையின் ஓரத்தோடு நசுங்கித் தீப்பிடிக்கும். இந்த வகைக்கு ரிம்ஃபயர், அதாவது விளிம்புப் பற்றவைப்பு என்று பெயர்.

ஆனால் இந்த அழகிய ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு முரண் உண்டு. சுத்தி நசுக்க வேண்டுமென்றால் உலோகம் மெல்லியதாக இருக்க வேண்டும். வெடிப்பைத் தாங்க வேண்டுமென்றால் தடித்திருக்க வேண்டும். ஆகவே மருந்தைக் குறைப்பதே வழி. முதல் தோட்டாவான .22 ஷார்ட்டில் இருந்த கருமருந்து கால் கிராம்தான். குண்டின் எடை இரண்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு. அப்படியும் கூட்டின் அடிப்பகுதி பின்னோக்கிப் புடைத்து, உருளையைச் சுழலவிடாமல் இறுக்கிக்கொள்ளும். தோட்டாக்களின் பின்னே உருளையோடு சேர்ந்து தானும் சுழலும் வட்டத் தகடு ஒன்றை வைத்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். பின்னாளில் தோட்டா மேம்பட்டதும் தகடு தேவையற்றுப் போனது. இன்று அந்தத் தகட்டைக் கண்டால், தொடக்க காலத்துத் துப்பாக்கி கிடைத்திருக்கிறது என்று சேகரிப்பாளர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்தத் துப்பாக்கி ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 1. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1857இல் வெளிவந்தது. ஏழு தோட்டா. குழலின் அடியில் உள்ள தாழை அழுத்தினால் குழல் மேல்நோக்கி மடங்கும். உருளை கையோடு கழன்று வரும். குழலுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் ஒவ்வோர் அறையையும் குத்தினால் வெறுங்கூடு வெளியே விழும். இதற்கெல்லாம் அறை இருபுறமும் திறந்திருக்க வேண்டும். அங்கேதான் ரோலின் வைட் வருகிறார்.

உருளையில் முழுவதுமாகத் துளையிட்ட அறைகள் என்ற கருத்துக்கு வைட் 1855 ஏப்ரல் 3 அன்று காப்புரிமை பெற்றார். அவர் வரைந்த துப்பாக்கி நடைமுறைக்கு ஒத்துவராதது. ஆனால் அதிலிருந்த அந்த ஒரு கருத்து பொன்னாக இருந்தது. சாமுவேல் கோல்ட்டின் பழைய ரிவால்வர் காப்புரிமை 1857இல் முடியவிருந்த நேரம். அதற்குத் தயாராக ஸ்மித்தும் வெஸ்ஸனும் 1856இல் வைட்டிடம் உரிமம் வாங்கினார்கள்; துப்பாக்கிக்கு 25 சென்ட். மீறுகிறவர்கள்மீது வழக்கு நடத்தும் பொறுப்பு வைட்டின் தலையில். உள்நாட்டுப் போர் வெடித்து ரிவால்வருக்குக் கிராக்கி ஏறியபோது மீறுகிறவர்கள் பெருகினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே நீதிபதிகள் நாலுக்கு நாலு எனப் பிரிந்து நிற்க, வைட்டுக்குச் சாதகமான கீழ்த்தீர்ப்பே நிலைத்தது. பேக்கன், பாண்ட், மூர், வார்னர் முதலிய தயாரிப்பாளர்கள் தோற்றார்கள். இவர்கள் செய்த சில துப்பாக்கிகளில் ‘ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்காகச் செய்யப்பட்டது’ என்ற பொறிப்பு இருக்கும். அது வழக்கின் தழும்பு. இரும்பில் இவ்வளவு தெளிவாகப் பதிந்த தீர்ப்பை வேறெங்கும் பார்ப்பது அரிது.

தோற்றவர்கள் ஓய்ந்துவிடவில்லை. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அறையை முழுவதும் துளைக்கக்கூடாது. சரி, வேறு என்ன செய்யலாம்? புரூக்ளினில் மூர் நிறுவனம் தோட்டாவை முன்பக்கமாக நுழைத்தது. உருளையின் பின்சுவரில் ஒரு சின்னத் துளை மட்டும். தோட்டாவின் அடியிலிருந்து முலைக்காம்புபோல நீளும் முனை அதன் வழியே எட்டிப் பார்க்கும். சுத்தி அதன்மேல் விழும். பிளான்ட் நிறுவனம் தோட்டாவின் அடியைக் குழிவான கிண்ணமாக்கி, அதையும் முன்பக்கமாகவே நிரப்ப வைத்தது. லூசியஸ் பாண்ட் ஒவ்வோர் அறைக்கும் தனியே கழற்றக்கூடிய எஃகுக் குப்பி ஒன்றைக் கொடுத்தார். ஸ்லோகம் ரிவால்வரில் அறையின் பக்கச்சுவரே முன்னோக்கி வழுக்கித் திறக்கும். தோட்டா பக்கவாட்டில் படுத்துக்கொண்டு உள்ளே போகும். ஒரு சட்ட வாசகத்தைச் சுற்றி வர எத்தனை மூளைகள் உழைத்திருக்கின்றன! விசித்திரமான உருளை கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் 1860களின் துப்பாக்கி என்று சொல்லிவிடலாம்.

காப்புரிமை 1869 ஏப்ரலில் காலாவதியானது. வைட் அதை நீட்டிக்கக் கேட்டார். அதற்கு வழிவிடும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியும், 1870 ஜனவரியில் குடியரசுத் தலைவர் கிராண்ட் கையெழுத்திட மறுத்துவிட்டார். போர்க்காலத்தில் அந்தக் காப்புரிமை அரசுக்கு இடைஞ்சலாக இருந்தது என்று படைக்கலத் துறை சொன்னதே காரணம். அணை உடைந்தது. மாசசூசெட்ஸின் வொர்ஸ்டர், கனெக்டிகட்டின் நார்விச் போன்ற ஊர்களிலிருந்து மலிவான சட்டைப்பை ரிவால்வர்கள் கொட்ட ஆரம்பித்தன. மொத்த வியாபாரிகள் தங்களுக்கென்று தனிப் பெயர் கேட்டு வாங்கினார்கள்: டிஃபெண்டர், ரெட் ஜாக்கெட், ஸ்வாம்ப் ஏஞ்சல், டிராம்ப்ஸ் டெரர், ராபின் ஹூட். பெயர் மட்டும் இருக்கும், செய்தவர் பெயர் இருக்காது. சேகரிப்பாளர்கள் இந்தக் கூட்டத்தை சூசைட் ஸ்பெஷல் என்பார்கள். அதே தலைப்பில் டொனால்ட் வெப்ஸ்டர் 1958இல் ஒரு புத்தகமே எழுதினார்.

இவற்றின் பூர்வீகத்தைக் கண்டுபிடிப்பது துப்பறியும் வேலை. மேலே பொறித்த பெயரைவிட உடலமைப்பே நம்பத்தகுந்த சாட்சி. உருளையைத் தாங்கும் அச்சுக் கம்பியை எது பிடித்து நிறுத்துகிறது? துப்பாக்கியின் உடற்சட்டத்தில் திருகுகள் எங்கே இருக்கின்றன? உருளையை நிறுத்தும் பள்ளங்கள் அதன் வெளிப்பரப்பிலா, பின்முகத்திலா? தொழிற்சாலைகள் பெயரை எளிதில் மாற்றின. அச்சுகளையும் வெட்டும் கருவிகளையும் எளிதில் மாற்றவில்லை. பெரிய நிறுவனங்களிலும் இது கைகொடுக்கும். கோல்ட்டின் நியூ லைன் ரிவால்வரில் பள்ளம் உருளையின் வெளிப்பரப்பில் இருந்தால் 1873க்கும் 1876க்கும் இடையில் செய்தது. பின்முகத்தில் இருந்தால் அதற்குப் பிந்தியது.

மாடல் 1ஐ எடை போடுவது இதைவிட எளிது. சட்டத்தின் பக்கங்கள் உருண்டு, அதில் வட்டமான சிறு மூடி இருந்தால் முதல் வடிவம். 1860 வரை ஏறத்தாழ 11,700 மட்டுமே செய்யப்பட்டவை. பக்கங்கள் தட்டையானால் இரண்டாம் வடிவம். உருளையில் வரிப்பள்ளங்களும் பறவைத் தலைபோல் வளைந்த கைப்பிடியும் இருந்தால் 1868க்குப் பிந்திய மூன்றாம் வடிவம்.

புதியவர்கள் சறுக்கும் இடம் தேதி. இரண்டாம் வடிவத்தின் பெரும்பாலான உருளைகளில் 1855 ஏப்ரல் 3, 1859 ஜூலை 5, 1860 டிசம்பர் 18 என மூன்று நாட்கள் பொறிக்கப்பட்டிருக்கும். மூன்றும் காப்புரிமை நாட்கள். துப்பாக்கி பிறந்த நாள் அவற்றில் இல்லை. கடைசித் தேதிக்கு முன்னால் அந்தப் பொறிப்பு வந்திருக்க முடியாது என்பதை மட்டும் அவை உறுதி செய்யும். பிறந்த காலத்தைச் சொல்வது கைப்பிடியின் அடியிலுள்ள வரிசை எண். வலப்பக்க மரப்பலகையைக் கழற்றினால் அதன் உட்புறத்திலும் அதே எண் இருக்க வேண்டும். குழல், உருளை, சட்டம் மூன்றிலும் பொருத்துபவர் அடித்த குறியெழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் எங்கோ ஒரு காலத்தில் இரண்டு துப்பாக்கிகள் ஒன்றாகியிருக்கின்றன.

இரண்டாம் வடிவத்தில் சில ஆயிரம் துப்பாக்கிகளில் மட்டும் ‘இரண்டாம் தரம்’ என்று பொருள்படும் சுருக்கப் பொறிப்பு உண்டு. சிறு குறைகள் இருந்ததால் தொழிற்சாலையே முத்திரையிட்டு விலை குறைத்து விற்றவை. அந்த முத்திரை உள்ளவற்றைச் சேகரிப்பாளர்கள் இன்று தனியாகத் தேடி, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அப்படி ஒன்று கிடைத்தால் மேற்பூச்சை விளக்கின் கீழே சாய்த்துப் பார்ப்பார்கள்: மூலைகள் கூராக இருக்கின்றனவா, எழுத்தின் ஓரங்கள் மழுங்காமல் இருக்கின்றனவா? மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபூச்சு பூசியிருக்கிறார்கள்; விலை பாதியிலும் கீழே இறங்கிவிடலாம்.