மீன் தலைக் கறியில் ஒரு காது

காஜாங்கில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் தலைக் கறிதான். கண் பக்கத்தை எனக்குத் தள்ளிவிட்டு, செவுள் பக்கத்தை அம்மா எடுத்துக்கொள்வார். தட்டில் மிஞ்சும் எலும்புகளை இப்போதெல்லாம் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போடுகிறேன். காரணம், அம்மாவின் காது.

போன வருடம் என் நிகழ்ச்சி ஓடும்போதெல்லாம் வானொலியின் சத்தத்தை அவர் கூட்டிக்கொண்டே போனார். "வரவர நீ முணுமுணுக்கிறே" என்று பழி என் மேல். மைக்கை நம்பிப் பிழைக்கிறவளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது!

பரிசோதித்த மருத்துவர், நடுக்காதில் இருக்கும் அங்கவடி எலும்பு இறுகிவிட்டது என்றார். குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம் போல இருப்பதால் அந்தப் பெயர். நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. சுமார் 3 மில்லிமீட்டர், அரை அரிசி அளவு. செவிப்பறையின் அதிர்வைச் சுத்தி, பட்டடை என்ற இரண்டு எலும்புகள் வாங்கித் தர, அங்கவடிதான் அதை உட்காதுக்குள் தள்ளுகிறது. அது அசையாவிட்டால் என் குரல் வாசலோடு நின்றுவிடும்.

இதைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: அந்த எலும்பு கேட்பதற்காக உண்டானதே அல்ல. மீனின் தாடையைத் தாங்கிய எலும்பு அது.

சீனாவின் செங்ஜியாங்கில் கிடைத்த மிகப் பழைய மீன்களுக்குச் சுமார் 52 கோடி வயது. விரல் நீளம்கூட இல்லாத அவற்றுக்குத் தாடையே கிடையாது. லங்காவியில் கேபிள் கார் ஏறும் மாச்சின்சாங் மலையின் பாறைகளும் அதே கேம்பிரியன் காலத்தவை. தாடையுள்ள மீன்கள் வர மேலும் பல கோடி ஆண்டுகள் ஆயின. செவுளைத் தாங்கிய வளைவுகளில் முன்னால் இருந்ததே தாடையாக மாறியது என்பது நெடுநாள் கருத்து. அதற்கு அடுத்த வளைவின் எலும்பு, தாடைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்தது. சியாக்காப் தலையைப் பிரித்தால், செவுள் மூடிக்கு முன்னால் இன்றும் அதைப் பார்க்கலாம்.

2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் டிக்டாலிக் என்ற மீனின் புதைபடிவம் கிடைத்தது. வயது 37.5 கோடி ஆண்டுகள். கழுத்தும், ஊன்றி எழக்கூடிய துடுப்பும் உண்டு. அந்த முட்டு எலும்போ சிறுத்துப்போயிருந்தது. அதன் உறவுகள் கரையேறிய பிறகு, செவுளால் நீரை இறைக்கும் வேலை போயிற்று. தாடையும் மண்டையோட்டோடு நேராகச் சேர்ந்துகொண்டது. வேலையிழந்த எலும்பு வெகுகாலம் கழித்துச் சத்தம் கடத்தப் பழகியது.

தவளைக்கும் பல்லிக்கும் சத்தம் கடத்த அந்த எலும்பு போதும். பாலூட்டிகளில் தாடை மூட்டின் இரண்டு எலும்புகளும் சிறுத்துக் காதுக்குள் போய்ச் சுத்தியும் பட்டடையும் ஆயின. 1837இலேயே ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் ரைஹெர்ட், வளரும் கருக்களில் இந்தத் தொடர்பைக் கண்டு எழுதிவிட்டார். என் தொண்டையின் குரல்வளைக் குருத்தெலும்புகளும், கருவில் அதே வளைவு வரிசையில் உருவானவைதான். ஆக, நான் பேசுவதும் செவுள் தயவு, நீங்கள் கேட்பதும் செவுள் தயவு.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. இறுகிப்போன எலும்பின் இடத்தில் இப்போது ஒரு குட்டிச் செயற்கைத் தண்டு. வீட்டுக்கு வந்து வானொலியைப் போட்டவர், முதல் வேலையாகச் சத்தத்தைக் குறைத்தார்.

"ஏன்மா இந்தக் கத்து கத்துறே?" என்றார்.