காற்றும் பழைய கூரையும்

புயற்காற்று கூரையைப் பக்கவாட்டில் தள்ளிப் பெயர்க்கிறது என்றே பலரும் எண்ணுவர். பெரும்பாலும் நிகழ்வது அதுவன்று. காற்று கூரையின்மேல் விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கட்டடத்தினுள் இருக்கும் காற்றின் அழுத்தமோ அவ்வாறு குறைவதில்லை. ஆகவே, கூரை மேல்நோக்கித் தூக்கப்படுகிறது. சன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால், இவ்விசை இன்னும் மிகும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். இறவாரம், முகடு, மூலைகள் ஆகிய இடங்களே முதலில் பெயர்வன.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 1974ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் விடியுமுன் 'டிரேசி' என்னும் புயல் தாக்கிற்று. மணிக்கு 217 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டியபின் விமான நிலையத்துக் காற்றுமானியே பழுதுற்றது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளிற் பெரும்பாலானவை அழிந்தன. பின்னர் ஆராய்ந்த பொறியாளர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அற்றுப்போவதுபோல, காற்று விட்டுவிட்டு இழுத்ததால் கூரைத் தகடுகள் திருகாணிகளைச் சுற்றி வெடித்துக் கிழிந்தன. திருகாணி மரத்திலேயே நின்றது, தகடு பறந்தது.

எனவே, கூரையின் வலிமை அதன் இணைப்புகளில் இருக்கிறது. தகரம் வரிச்சிலும், வரிச்சு கைமரத்திலும், கைமரம் சுவர்மேல் கிடக்கும் மரத்திலும், அம்மரம் சுவரிலும் பிணைந்து ஒரு சங்கிலியாக அமைகின்றன. ஒரு கண்ணி தளர்ந்தாலும் முழுச் சங்கிலியும் பயனற்றதாகும். தகரத்தை மட்டும் இறுக்கினால், அது வரிச்சோடு சேர்ந்து பறக்கும்.

மலேசியாவில் டிரேசி போன்ற புயல் அரிது. ஆயினும், ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் 'சுமத்திரா' காற்று, துருவேறிய தகரத்தையும் தளர்ந்த ஆணியையும் பெயர்க்கப் போதுமானது.

பழைய கட்டடத்தைச் செப்பனிடுவோர் முதலில் மரத்தைச் சோதித்தல் வேண்டும். உளுத்த மரமும் கறையான் அரித்த மரமும் எந்த ஆணியையும் தாங்கா. அடுத்து, ஆணிகளை நீக்கி, அகன்ற வில்லையுடன் கூடிய திருகாணிகளைப் பூட்டலாம். ஓரங்களிலும் மூலைகளிலும் அவற்றை நெருக்கமாக இடல் நன்று. கைமரத்தைச் சுவர்மரத்தோடு துருப்பிடியா இரும்புப் பட்டையால் பிணைத்தல் மிக இன்றியமையாதது. நேரே மேல்நோக்கி இழுத்தால் ஆணி எளிதில் கழன்றுவிடும். பட்டையைப் பக்கவாட்டில் அறைந்த ஆணியோ அவ்வாறு கழலாது. சுவர்மரத்தையும் நீண்ட மரையாணிகளால் சுவரின் உட்பகுதியோடு இணைத்தல் வேண்டும்.

தகரம் மாற்றும் காலமே இவற்றைக் குறைந்த செலவில் செய்தற்கு ஏற்ற காலம். மேலே மூடியபின் உள்ளிருக்கும் இணைப்புகளைக் காண்பது அரிது. பழைய பள்ளிகளில் அக்கூரையின்கீழ் அமர்ந்திருப்போர் குழந்தைகள். ஆதலின், வானம் தெளிந்திருக்கும்போதே ஏணி வைத்துப் பார்த்துவிடுதல் நலம்.