இறகில் ஒரு தூண்டில் பூச்சி

கேரி தீவின் செம்பனை வரிசைகளுக்கிடையே வடிகால்கள் நீண்டு செல்கின்றன. நன்னீர் தங்கும் இடங்களில் ஹாருவான் எனப்படும் விராலும், பனையேறிக் கெண்டையும், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942–45) ஜாவாவிலிருந்து மலாயாவுக்கு வந்த திலாப்பியாவும் வாழ்கின்றன. இவற்றைப் பிடிக்க மண்புழுதான் வேண்டுமென்பதில்லை.

தூண்டில் முள்ளின் தண்டில் முதலில் தையல் நூலை நெருக்கமாகச் சுற்றுக; வெறுங்கம்பியில் எதுவும் நிலையாது சுழலும். பழைய சிலிப்பரிலிருந்து சுண்டுவிரல் நக அளவு துண்டு வெட்டி மேற்புறமாகக் கட்டினால் பூச்சி மிதக்கும். முள்ளின் வாயைத் துண்டு அடைத்தால் கவ்விய மீனும் தப்பிவிடும். பின்னர்ச் சேவலின் கழுத்திறகைக் கட்டி மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால் இழைகள் கால்கள்போல் விரியும். ரப்பர் வளையத்தை வெட்டிக் குறுக்கே கட்டுவோரும் உண்டு. நீங்கள் பால்மரம் சீவி எடுத்த பாலே மீனுக்கும் ஆசை காட்டுகிறது!

இப்பூச்சிக்கு எடையில்லை, தொலைவில் எறிய இயலாது. மூங்கில் கழியின் நுனியில், கழியின் நீளத்திற்கே தங்கூசி கட்டி மெல்ல வீசுக. நீர்வளையம் அடங்கியபின் ஒருமுறை அசைத்தால் போதும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்த விரும்புகிறோம். நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மிதந்தால், அடியில் பெற்றோர் விரால்கள் காவல் நிற்கின்றன. அவை எதையும் சீறிக் கவ்வுமாதலால் பிடிப்பது எளிது. பிடித்துவிட்டாலோ, காவலற்ற குஞ்சுகளைப் பிற மீன்கள் விழுங்கிவிடும். அடுத்த ஆண்டு அவ்வடிகாலில் விராலுக்கு எங்கே போவது? களைக்கொல்லி தெளித்த வடிகாலின் மீனும் அடுப்புக்கு ஆகாது. தெளித்த நாளை மண்டோரிடம் முன்னரே கேட்டறிந்து கொள்ளுங்கள்.