பொடி ரவை அளவில் கருங்கல் சல்லி

ஈப்போ ரயில் நிலையத்தை மேசைமேல் மாதிரியாகச் செய்ய நினைப்பவர் பெரும்பாலும் கட்டடக் கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1917-இல் எழுந்த அந்த வெள்ளைக் குவிமாடங்களில்தான் தொடங்குவார். ஆனால் ரயில் நிஜமாகத் தோன்றுவதும் பொம்மையாக நிற்பதும் தண்டவாளத்தின் கீழே கிடக்கும் சல்லியைப் பொறுத்தது. கணக்குப் போட்டாலே இது விளங்கும். மலாயாவில் தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் பதினொன்றரை மில்லிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் கல் அதே கணக்கில் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான், பொடி ரவை அளவு. ஒன்றரை மில்லிமீட்டர் மணலைக் கொட்டினால் உரித்த தேங்காய் பருமனுக்குக் கற்களைப் பரப்பியதாக ஆகிவிடும்.

இத்தனை சிறியதை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் அளப்பதில்லை, ஆனால் கண் கல்லைச் சிலிப்பர் கட்டையோடு ஒப்பிட்டுவிடுகிறது. கல் பெருத்தால் எஞ்சின் சிறுத்துப் போகிறது. பொடி என்றால் ஒட்டும்போது சாந்தாகிவிடாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. ஆற்று மணலில் அப்படி ஆகத்தான் செய்யும். அதன் மணிகள் உருண்டவை. உடைத்த கருங்கல்லின் முனைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் நிஜத் தடத்தில் கட்டை பக்கவாட்டில் நகராமல் நிற்கிறது, தைப்பிங் மழையும் இடுக்குகள் வழியே வடிந்துவிடுகிறது. அதனால் கல்லுடைக்கும் இடத்துத் தூளைச் சலித்து எடுப்பதே மேல். பழைய ஈயச் சுரங்க மணலைத் தொடவே வேண்டாம். கிந்தா பள்ளத்தாக்கின் 'அமாங்' கழிவில் காந்தம் இழுக்கும் இல்மனைட்டும், தோரியம் கலந்த மோனசைட்டும் உண்டு. முன்னது மோட்டாருக்கு ஆகாது, பின்னது வீட்டுக்கே ஆகாது. சலித்த தூளை உலர்ந்தபடியே பரப்பி, மென்தூரிகையால் கட்டைகளின் மேற்புறத்தைத் துடைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த நீரைப் பனிபோல் தெளிக்க வேண்டும். நனையாத தூளில் பசை இறங்காது. முத்துமுத்தாக உருண்டு கல்லையும் தூக்கிக்கொண்டு போய்விடும். பிறகுதான் நீர்த்த வெள்ளைப் பசை, சொட்டுச் சொட்டாக. தடம் பிரியும் இடத்தில் அசையும் பாகங்களுக்குப் பசை போகாமல் பார்த்துக்கொள்வது தனிப் பொறுமை.

நிறத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பெட்டியில் வரும் ஒரே சாம்பல் நிறம் எந்த ஊரையும் காட்டுவதில்லை. 2010-இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கிய இரட்டைப் பாதைக்குக் கான்கிரீட் கட்டையும் வெளிர்ந்த புதுக்கல்லும் பொருந்தும். மரக்கட்டைக் காலத்துத் தடமென்றால் தண்டவாளத்தை ஒட்டி, பிரேக்கின் இரும்புத் தூள் படிந்த துருப்பழுப்பு வேண்டும். இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர் அமைத்து, 1885-இல் திறக்கப்பட்ட தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை அலையாத்திக் காட்டோரம் முடிந்தது. அங்கே நான்கு எழுத்துமுறைகளில், தமிழிலும், ஊர்ப்பெயர் தாங்கிய பலகை இன்றும் நிற்கிறது. அந்த முனையைச் செய்பவர் ஈரச் சேற்றின் கருமையையும் சேர்க்க வேண்டும். தெலுக் இந்தான் பக்கத்து ஜென்டராட்டாவில் செம்பனைக் குலை ஏற்றும் தோட்டத்துச் சிறு ரயிலைச் செய்பவருக்கோ சல்லியைவிட மண்ணும் புல்லும்தான் அதிகம் தேவைப்படும்.