ஹெட் ஹண்டர்ஸ்: தாளத்தின் இடைவெளிகளில் பிறந்த இசை

அமெரிக்கக் கருப்பின மக்களிடையே 1960களில் உருவான ஃபங்க் இசையில் மெட்டைவிடத் தாளமே முதன்மையானது. பேஸ் கித்தாரும் டிரம்ஸும் குறுகிய இசைத்துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசித்து, கேட்பவரின் உடலையே தாளம்போட வைக்கின்றன. இந்த இசையை ஜாஸின் மனோதர்மத்தோடு இணைத்து ஹெர்பி ஹான்காக் 1973இல் வெளியிட்ட 'ஹெட் ஹண்டர்ஸ்' நான்கே உருப்படிகள் கொண்ட இசைத்தட்டு.

சிகாகோவில் 1940இல் பிறந்து, ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் பியானோ வாசித்துப் புகழ்பெற்ற ஹான்காக், எழுபதுகளின் தொடக்கத்தில் எளிதில் பிடிபடாத சோதனை இசையில் ஈடுபட்டிருந்தார். ஸ்லை ஸ்டோனின் ஃபங்க் அவரை ஈர்க்கவே, பழைய குழுவிலிருந்து சாக்ஸஃபோன் கலைஞர் பென்னி மாப்பினை மட்டும் வைத்துக்கொண்டு புதிய குழுவை அமைத்தார்.

பதினைந்து நிமிடங்களுக்கும் மேல் நீளும் 'கமீலியன்' என்ற முதல் உருப்படியைக் கூர்ந்து கேட்டால் இத்தட்டின் நுட்பம் புலப்படும். தொடக்கத்தில் ஒலிக்கும் கனத்த பேஸ் வரிசையை ஹான்காக் ஆர்ப் ஒடிஸி என்னும் சிந்தசைசரில், அதாவது மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் கருவியில் வாசிக்கிறார். குழுவில் கித்தார் கலைஞர் இல்லாததால், விசையை அழுத்தும்போது கம்பி அதிரும் கிளாவினெட் அந்த வேலையை ஏற்கிறது. ஹார்வி மேசனின் டிரம்ஸ் விடும் சிறு வெளியில் மற்றொரு கருவி நுழைகிறது. ஒருவர் மற்றவரின் இடத்தை ஆக்கிரமிப்பதே இல்லை.

ஹான்காக் 1962இல் பதிவுசெய்த 'வாட்டர்மெலன் மேன்' இதில் புது வடிவம் பெற்றது. மத்திய ஆப்பிரிக்காவின் பா-பென்செலே மக்கள், ஒற்றைச் சுரம் எழுப்பும் ஊதலையும் தம் குரலையும் மாறிமாறி இசைக்கும் முறையைத் தழுவி, குழுவின் தாளக்கருவிக் கலைஞர் பில் சம்மர்ஸ் பீர் பாட்டிலை ஊதித் தொடங்குகிறார். அந்த ஊதலின் மேல்தான் மற்றக் கருவிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன.

ஹான்காக் ஜாஸைச் சந்தைக்காக நீர்த்துப்போகச் செய்ததாகச் சில விமர்சகர்கள் குறைகூறினர். ஆனால் 'ஸ்லை' உருப்படியின் நடுவில் காலம் திடீரென முடுக்கம் பெற, மாப்பினும் ஹான்காக்கும் நிகழ்த்தும் தனியாவர்த்தனங்களைக் கேட்டவர் அந்தக் குற்றச்சாட்டை ஏற்பது கடினம். பழைய ஒலிப்பதிவின் ஒரு துணுக்கை வெட்டியெடுத்துப் புதிய பாடலில் பொருத்தும் சாம்பிளிங் முறை பரவியபோது, ஒவ்வொரு கருவியும் தனித்துத் தெளிவாக ஒலிக்கும் இத்தட்டு ஹிப்-ஹாப் கலைஞர்களுக்குச் சுரங்கமாயிற்று. மடோனாவின் 1994ஆம் ஆண்டுப் பாடலான 'சாங்க்சுவரி'யிலும் அந்த 'வாட்டர்மெலன் மேன்' கேட்கிறது.