கருத்தா யார்?

மூன்றாம் வேற்றுமையின் பொருள்களுள் ஒன்று கருத்தா. அக்கருத்தாவை இருவகைப்படுத்துவர் இலக்கண நூலார். கோயிலைத் தன் கையால் எழுப்பும் சிற்பி இயற்றுதற் கருத்தா. எழுப்புக என்று பணித்த அரசன் ஏவுதற் கருத்தா. சென்ற மாதம் நாவற்குடாவிலே மாணவர்க்கு இதனை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "ஐயா, சாரதியில்லாமல் தானே ஓடும் காரிலே குடித்தவன் ஒருவன் படுத்துக்கொண்டு போனால், அதை ஓட்டியவன் யார்? பொலிசார் யாரைப் பிடிப்பார்கள்?" என்று வினவினான்.

வகுப்புச் சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடு என்பது தன்வினை. ஓட்டு என்பது பிறவினை. வண்டி தானே ஓடுமாயின், ஓட்டுதல் என்னும் வினைக்கு எழுவாய் எங்கே?

தானே செல்லும் வண்டி நமக்கு முற்றிலும் புதியதன்று. என் சிறு பிராயத்திலே, படுவான்கரையிலிருந்து நெல்லேற்றி வரும் கரத்தைக்காரர் ஒருவர், வழியிலுள்ள தவறணையிலே தங்கி, பின்பு கரத்தையில் ஏறி உறங்கிவிடுவார். எருதுகள் வழி தவறாது அவரை வீட்டுப் படலையிலே சேர்க்கும். ஊரார் எருதுகளின் அறிவை வியந்தனர். ஓரிரவு அவ்வெருதுகள் வழியிலே நின்ற மூதாட்டி ஒருத்தியை மோதித் தள்ளின. அவள் கால் முறிந்தது. எருதுகள் வீட்டை அறிந்திருந்தன. இருளில் நின்றவளை அறியவில்லை. ஊர்ப் பெரியோர் எருதுகளைக் குற்றங் கூறினாரல்லர். கயிற்றைக் கைவிட்டவரையே கேட்டனர்.

இங்கிலாந்திலே 1872ஆம் ஆண்டுச் சட்டமொன்றும் இந்நெறியே பற்றியது. வண்டி, குதிரை, கால்நடை, நீராவிப் பொறி என்பவற்றைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு பொதுவழியிலே வெறித்திருப்பதை அது குற்றமாக்கிற்று. பொறுப்பு என்னும் சொல்லை நோக்குக. இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமோ செலுத்துதல் என்னும் வினையையே பற்றி நிற்கின்றது. இங்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது எல்லை. இந்தியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வெல்லை 30 மில்லிகிராம். அங்கே செலுத்துவதோடு செலுத்த முயல்வதும் குற்றம். செலுத்துபவன் மனிதனே என்பது இச்சட்டங்கள் எழுதப்பட்டபோது எவரும் ஐயுறாத செய்தி.

இன்று அவ்வையம் எழுந்துவிட்டது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரிலே, இரவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருத்தியைத் தானியங்கிக் கார் ஒன்று மோதிக் கொன்றது. அதனைக் கண்காணிக்க அமர்த்தப்பட்டவர் உள்ளே இருந்தார். ஆனால் அவர் கண் கைப்பேசியிலே இருந்ததென விசாரணை கண்டது. குற்றம் அவர்மேல் வந்தது. 2023இல் அதனை அவர் ஒப்புக்கொண்டார். காரைச் சோதனைக்கு விட்ட நிறுவனத்தின்மீது குற்றவியல் வழக்கு எழவில்லை. ஏவுதற் கருத்தா விலகி நிற்க, காவல் தவறியவர் மட்டுமே வாக்கியத்தில் எஞ்சினார்.

பிரித்தானியா 2024இல் இயற்றிய தானியங்கி வாகனச் சட்டம் இச்சிக்கலை அவிழ்க்க முயல்கின்றது. கார் தன் கடமையைச் செய்யும்போது நேரும் ஓட்டப் பிழைகளுக்கு உள்ளிருப்பவர் குற்றவாளியாகார். ஆயினும் கார் அழைத்தால் பொறுப்பேற்க வேண்டியவராயின், அதற்கேற்ற நிலையில் அவர் இருத்தல் வேண்டும். பொறுப்பேற்போர் எவரும் வேண்டாத பயணமாயின், அதனை நடத்த உரிமம் பெற்ற நிறுவனத்தைச் சட்டம் நாடுகின்றது.

இவற்றை இலக்கணத்தோடு வைத்து எண்ணினால் மூன்று நிலைகள் தோன்றும். மனிதன் செலுத்த, பொறி உதவுமாயின் பொறி கருவியே; குடித்தவன் குற்றவாளி. பொறி செலுத்த, மனிதன் காவலிருப்பானாயின், குடித்தவன் காவலைக் கைவிட்டவன், அவனும் குற்றவாளியே. செலுத்தும் சக்கரமே இல்லாத காரில் அவன் வெறும் பயணி. பேருந்திலே உறங்குபவனுக்கும் அவனுக்கும் வேற்றுமையில்லை. அவனையும் தண்டிப்போமாயின், அவன் மீண்டும் தன் காரையே செலுத்தத் துணிவான். அது எவருக்கும் நன்மையன்று. அந்நிலையில் ஆக்கியோனும் அனுப்பியோனுமே கருத்தாக்கள்.

நம் வீதிகளில் அத்தகைய கார் இல்லையே, இவ்வாராய்ச்சி எதற்கென்று அன்பர்கள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவன் ஒருவன், மாலை வகுப்பு முடிந்து சைக்கிளிலே வீடு திரும்புகையில், கல்முனை வீதியில் மாண்டான். வாகனம் செலுத்தியவர் மதுபோதையில் இருந்தார். மறுநாள் பத்திரிகையிலே, "வாகனம் மோதி மாணவன் பலி" என்றிருந்தது. வாகனம் மோதிற்றாம்! குடித்தவர் அவ்வாக்கியத்திலேயே இல்லை. சிவப்பு மைப் பேனாவை எடுத்து அவ்வரியின்மேல் வைத்தேன், எழுத ஓடவில்லை. அத்துண்டு இன்றும் என் நன்னூற் பிரதியினுள்ளே இருக்கின்றது.

சாரதியில்லாக் காரை நாம் இன்னும் கண்டிலம். சாரதியில்லா வாக்கியத்தையோ நெடுங்காலமாக எழுதி வருகின்றோம். கருத்தாவை மறைத்து எழுதப் பழகிய நாம், நாளை பொறியின் பின்னே பெருநிறுவனங்கள் மறையும்போது எவ்வாறு தேடிப் பிடிப்போம்?

மறுநாள் வகுப்பிலே அப்பத்திரிகைத் துண்டை அம்மாணவனிடம் கொடுத்து, "எழுவாயைத் திருத்துக" என்றேன். அவன் நெடுநேரம் அதனைப் பார்த்திருந்து, பின்பு எழுதினான். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.